அமைச்சரின் ஆய்வேடு: எழுத்துத் திருட்டில் எத்தனை வகை?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றே திருத்தப்பட்டது.)

இன்னைக்கு ஒரு புத்தக மதிப்புரையில இருந்து ஆரம்பிக்கலாம்.

2011 பிப்ரவரி. ஜெர்மனியில் பிரேமன் பல்கலைக்கழகத்துச் சட்டப் பேராசிரியர் ஆந்த்ரேயாஸ் ஃபிஷர்-லெஸ்கானோ ஒரு சட்ட இதழுக்காக ஒரு புத்தகத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார். 475 பக்கம். அமெரிக்க அரசியலமைப்பையும் ஐரோப்பிய ஒன்றியத்தின் அரசியலமைப்பு ஒப்பந்தத்தையும் ஒப்பிட்டு எழுதப்பட்ட முனைவர் பட்ட ஆய்வேடு அது. புத்தகமாக 2009-ல் வெளியாகியிருந்தது. மதிப்புரை எழுதுறவர் எல்லாரும் செய்யக்கூடிய ஒரு சின்ன வேலையை அவரும் செய்தார். சில வாக்கியங்களை எடுத்து கூகுளில் போட்டுப் பார்த்தார்.

அந்த வாக்கியங்கள் வேறு இடங்களில் இருந்தன. செய்தித்தாள் கட்டுரைகளில், மற்றவர்களின் ஆய்வுகளில். வரிக்கு வரி அப்படியே. புத்தகத்தில் மேற்கோள் குறியும் இல்லை, எடுத்த இடத்தின் பெயரும் இல்லை.

இது யாரோ ஒரு மாணவரின் தீசிஸா இருந்திருந்தா, விஷயம் ஒரு மதிப்புரையோட முடிஞ்சிருக்கும். ஆனா அதை எழுதியவர் கார்ல்-தியோடோர் ட்சு குட்டன்பெர்க். அப்போது ஜெர்மனியின் பாதுகாப்பு அமைச்சர். பிரபு வம்சம், 39 வயசு, நாட்டிலேயே அதிகம் விரும்பப்பட்ட அரசியல்வாதிகளில் ஒருவர். அடுத்த சான்சலர் இவர்தான் என்றெல்லாம் பேச்சு இருந்தது. பைராய்ட் பல்கலைக்கழகம் அந்த ஆய்வேட்டுக்குக் கொடுத்திருந்த மதிப்பெண் 'சும்மா கும் லாடே'. நம்ம ஊர் 'சும்மா' இல்ல; அங்கே அதுதான் உச்சபட்சம்.

பிப்ரவரி 16-ஆம் தேதி ஸ்யூட்டாய்ச்ச ட்சைட்டுங் பத்திரிகை செய்தியை வெளியிட்டது. குற்றச்சாட்டு அபத்தமானது என்றார் அமைச்சர். வேலைக்கும் குடும்பத்துக்கும் நடுவில் ஏழு வருஷமாகச் சிறுகச் சிறுக எழுதினேன், அங்கங்கே பிழை இருக்கலாம், ஏமாற்றவில்லை என்றார். அடுத்த நாளே இணையத்தில் 'குட்டன்பிளாக்' என்ற பெயரில் ஒரு விக்கி பக்கம் திறக்கப்பட்டது. முகம் தெரியாத பலர் சேர்ந்து பக்கத்துக்குப் பக்கம் அந்த ஆய்வேட்டை மூல நூல்களோடு வைத்து ஒப்பிட ஆரம்பித்தார்கள். பிப்ரவரி 23 அன்று பல்கலைக்கழகம் பட்டத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. மார்ச் 1 அன்று அமைச்சர் பதவி விலகினார். செய்தி வந்ததிலிருந்து ராஜினாமா வரைக்கும் ரெண்டு வாரம்கூட ஆகல.

அந்த விக்கி கடைசியாகப் போட்ட கணக்கு இது: ஆராயப்பட்ட 393 பக்கங்களில் 371 பக்கங்களில் திருட்டு. அதாவது 94 சதவீதத்துக்கும் மேல். மொத்தம் 1,218 துண்டுகள், 135 மூலங்கள்.

இந்த எண்கள் பிரபலம். ஆனா இன்னைக்கு நான் பேச வந்தது எண்களைப் பத்தி இல்ல. அந்த 1,218 துண்டும் ஒரே மாதிரி இல்லை. திருட்டில் பல வகை உண்டு. அந்த வகைகளைப் புரிஞ்சுக்கிட்டாதான், இன்னைக்கு நம்ம ஊர்ல தீசிஸ் எழுதுற ஒவ்வொருத்தரும் பயப்படுற அந்த 'சதவீதம்' எதைப் பிடிக்கும், எதை விட்டுடும்னு தெரியும்.

ஆளைக் கடத்துகிறவன்

முதல்ல வார்த்தையில இருந்து போவோம். 'பிளேஜியரிசம்' என்ற சொல்லுக்கு வேர் லத்தீனில் இருக்கிறது. 'பிளேஜியாரியுஸ்' என்றால் ஆளைக் கடத்துகிறவன். சுதந்திரமான ஒரு மனிதனைப் பிடித்துக்கொண்டு போய் அடிமையாக விற்பவன், அல்லது அடுத்தவனுடைய அடிமையைத் திருடுகிறவன். ரோமானியச் சட்டத்தில் அது தண்டனைக்குரிய குற்றம்.

முதல் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த கவிஞர் மார்ஷியல்தான் அந்தச் சொல்லைக் கவிதைக்குக் கொண்டுவந்தார். ஃபிடென்டினுஸ் என்று ஒருவன் மார்ஷியலின் கவிதைகளைத் தன்னுடையது என்று ஊருக்கு முன்னால் வாசித்துக்கொண்டிருக்கிறான். மார்ஷியலுக்குக் கோபம். என் கவிதைகள் நான் விடுதலை செய்து வெளியே அனுப்பிய அடிமைகள் மாதிரி. அவற்றை ஒருவன் பிடித்து வைத்துக்கொண்டு தனக்குச் சொந்தம் என்கிறான் என்ற பொருளில் அவனை 'பிளேஜியாரியுஸ்' என்று திட்டினார்.

கவனிச்சுப் பாருங்க, பொருளைத் திருடுறவனுக்கான சொல்லை அவர் எடுக்கல. பாத்திரத்தைத் திருடினால் பாத்திரம் போய்விடும். கவிதையைத் திருடினால் கவிதை அங்கேயேதான் இருக்கும். ஆனால் அது யாருடைய பிள்ளை என்பது மாறிவிடும். எழுத்துத் திருட்டில் காணாமல் போவது அந்தப் பெயர்தான்.

இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. குட்டன்பெர்க் வழக்கிலேயே இது நேரடியாக வந்தது. ஹோஃப் நகர அரசு வழக்கறிஞர்கள் அந்த ஆய்வேட்டைக் காப்புரிமைச் சட்டத்தின் கண்ணோடு பார்த்தபோது, சட்டப்படி குற்றம் என்று சொல்லத்தக்கவை 23 பகுதிகள்தான் என்றார்கள். 20,000 யூரோவை ஓர் அறக்கட்டளைக்குக் கொடுக்கச் சொல்லி, 2011 நவம்பரில் வழக்கை முடித்தார்கள். விக்கிக்காரர்கள் கணக்கு 1,218. அரசு வழக்கறிஞர்கள் கணக்கு 23. ரெண்டும் ஒரே புத்தகம்!

யார் சொல்றது சரி? ரெண்டு பேரும் சரிதான். ரெண்டு பேரும் கேட்ட கேள்வி வேறு வேறு. காப்புரிமைச் சட்டம், 'இது யாருடைய சொத்து?' என்று கேட்கும். கல்வி உலகம், 'படிப்பவரிடம் நீ உண்மையைச் சொன்னாயா?' என்று கேட்கும். காப்புரிமை முடிந்துபோன நூறு வருஷத்துப் பழைய புத்தகத்தில் இருந்து எடுத்தால் சட்டம் ஒன்றும் செய்யாது. எழுதியவர் மனமுவந்து அனுமதி கொடுத்திருந்தால்கூடச் சட்டம் ஒன்றும் செய்யாது. ஆனால் சொல்லாமல் எடுத்தால், ரெண்டுமே எழுத்துத் திருட்டுதான்.

ஒரு வாக்கியம், பல திருட்டு

வகைகளுக்கு வருவோம். புரிஞ்சுக்க ஒரு வாக்கியத்தை நானே உருவாக்கியிருக்கேன். ஒரு கற்பனை ஆய்வாளர். பத்து வருஷம் ஆவணக் காப்பகத்தில் தூசி தட்டி, கடைசியில் இப்படி ஒரு முடிவுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

"ஆற்றங்கரையில் குடிசைகள் உருவானதற்கு வறுமை மட்டும் காரணம் அல்ல, அந்த நிலத்தை அப்போது வேறு யாரும் விரும்பவில்லை என்பதே முதல் காரணம்."

நல்ல யோசனை. இது அவருடையது. இப்போ இதை எப்படியெல்லாம் திருடலாம்னு பாருங்க.

முதல் வகை, எல்லாருக்கும் தெரிந்தது. வாக்கியத்தை அப்படியே எடுத்துப் போடுவது. காப்பி, பேஸ்ட். குட்டன்பெர்க் ஆய்வேட்டின் முன்னுரையே இப்படித்தான் தொடங்கியது. பார்பரா ட்செஹ்ன்ஃபெனிக் என்ற அரசியல் அறிவியலாளர் 1997-ல் ஃபிராங்ஃபுர்ட்டர் அல்கமைன பத்திரிகையில் எழுதிய கட்டுரையின் வரிகள் அவை. ஒருவர் தன் ஆய்வுக்குள் நம்மை வரவேற்கும் முதல் வரிகளே இன்னொருவருடையவை.

இரண்டாவது வகை, வேஷம் போடுவது. என் வாக்கியம் இப்படி மாறும்: "நதிக்கரையோரம் குடிசைப்பகுதிகள் தோன்றியமைக்கு ஏழ்மை ஒன்றே காரணமன்று, அந்நிலத்தை அக்காலத்தில் பிறர் எவரும் நாடவில்லை என்பதே முதன்மைக் காரணம்." ஒரு சொல்கூடப் பழையபடி இல்லாத மாதிரி தோணும். ஆனா சிந்தனை அப்படியே இருக்கு, வாக்கியத்தோட எலும்புக்கூடு அப்படியே இருக்கு. ஜெர்மன் விக்கிக்காரர்கள் இதற்கு வைத்த பெயருக்கு 'திரை போட்டு மறைத்தல்' என்று பொருள். 'நான் சொந்த வார்த்தையில்தானே எழுதினேன்' என்று பல மாணவர்கள் சொல்வது இதைத்தான். சொந்த வார்த்தையில் எழுதுவது நல்ல பழக்கம். ஆனால் சொந்த வார்த்தையில் எழுதினாலும் அது அடுத்தவர் கருத்து என்றால், பெயர் சொல்லத்தான் வேண்டும்.

மூன்றாவது, மொழிபெயர்ப்பு. ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழில் எழுதிவிட்டு, தமிழில் நானே யோசித்தது மாதிரி விட்டுவிடுவது. அமெரிக்க அரசியலமைப்பைப் பற்றிய ஆய்வு என்பதால் குட்டன்பெர்க் விஷயத்தில் ஆங்கில மூலங்களிலிருந்து ஜெர்மனுக்கு வந்த பகுதிகளும் இருந்தன. தமிழில் ஆய்வு செய்கிறவர்களுக்கு இந்த ஆசை கொஞ்சம் கூடுதலாக வரும். ஏன்னா, மாட்டிக்கிற வாய்ப்பு குறைவு.

நான்காவது எனக்கு ரொம்பச் சுவாரஸ்யமானது. ஜெர்மன்காரர்கள் இதற்குச் சதுரங்கத்தில் இருந்து பெயர் எடுத்திருக்கிறார்கள்: 'பவர்ன்ஓஃபர்', சிப்பாயைப் பலி கொடுப்பது. பெரிய காயைக் காப்பாற்ற ஒரு சிப்பாயை வெட்டக் கொடுப்போம் இல்லையா, அது மாதிரி. என் கற்பனை ஆய்வாளரின் ஒரு முழுப் பத்தியையும் எடுத்துக்கொள்கிறீர்கள். அதில் ஏதோ ஒரு வருஷக் கணக்குக்கு மட்டும் அடிக்குறிப்பு போட்டு, 'பார்க்க: இன்னார், பக்கம் 112' என்று எழுதுகிறீர்கள். படிக்கிறவர் என்ன நினைப்பார்? 'சரி, இந்தக் கணக்கு மட்டும் அவருடையது. மீதி ஆராய்ச்சி இவருடையது.' உண்மையில் பத்தி முழுக்க அவருடையது. அடிக்குறிப்பு இருக்கு, பெயர் இருக்கு, நூற்பட்டியலிலும் இருக்கு. ஆனா எல்லாமே சேர்ந்து ஒரு பொய்யைச் சொல்லுது. நாளைக்கு யாராவது கேட்டா, 'நான்தான் பெயர் போட்டிருக்கேனே!' என்று சொல்ல ஒரு வழியும் இருக்கு.

ஐந்தாவது, ஒட்டுத்துணி. பத்து இடத்தில் இருந்து பத்து வாக்கியம். ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் பெரிய திருட்டு இல்லை. ஆனால் சேர்த்துத் தைத்த போர்வையில் உங்கள் நூல் ஒரு இழைகூட இல்லை.

ஆறாவது, கட்டமைப்பைத் திருடுவது. வாக்கியம் எதையும் எடுக்கவில்லை. ஆனால் எந்தக் கேள்வியில் தொடங்குவது, எந்தச் சான்றுக்குப் பிறகு எந்தச் சான்று, எங்கே போய் முடிப்பது என்ற வரிசை முழுக்க அவருடையது. ஒரு வீட்டின் பிளானைத் திருடிக்கொண்டு போய் வேறு செங்கல்லில் கட்டுகிற மாதிரி.

ஏழாவது, படிக்காததைப் படித்ததாகக் காட்டுவது. என் ஆய்வாளர் பழைய நகராட்சி அறிக்கை ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்து, அதில் இருந்து ரெண்டு வரி மேற்கோள் காட்டுகிறார். நீங்கள் அவர் புத்தகத்தில் அதைப் பார்க்கிறீர்கள். ஆனால் உங்கள் அடிக்குறிப்பில் அவரைத் தாண்டிவிட்டு, அந்த அறிக்கையையே நேரில் பார்த்த மாதிரி போட்டுக்கொள்கிறீர்கள். இதில் ஓர் ஆபத்து இருக்கு. அவர் பக்க எண்ணைத் தப்பா எழுதியிருந்தா, அதே தப்பு உங்க தீசிஸ்லயும் வரும். பரீட்சையில பக்கத்துல பார்த்து எழுதினவன் மாட்டுறது எப்பவும் சரியான விடையால இல்ல, ஒரே மாதிரித் தப்பான விடையாலதான்.

இன்னும் ரெண்டு இருக்கு. ஒன்று, உங்கள் பழைய கட்டுரையையே புதுசு மாதிரி திரும்பப் போடுவது. 'என் எழுத்தை நானே எப்படித் திருட முடியும்?' என்று தோன்றும். ஒரே ஆராய்ச்சியை ரெண்டு தடவை கணக்குக் காட்டுவதுதான் அங்கே தப்பு. 2020-ல் யூஜிசி இதற்கென்றே தனியாக ஓர் அறிவிப்பு வெளியிட்டது. இன்னொன்று, காசு கொடுத்து எழுதி வாங்குவது. அதில் எழுதியவர் சம்மதம் இருக்கு, காப்புரிமை மீறலும் இல்ல, எந்த மென்பொருளும் பிடிக்காது. ஆனா அட்டையில இருக்கிற பெயரே பொய்.

எது திருட்டு இல்லை? 'கூவம் ஆறு சென்னை வழியாக ஓடுகிறது' என்று எழுத அடிக்குறிப்பு தேவையில்லை. எல்லாருக்கும் தெரிந்த விஷயத்துக்கு உரிமையாளர் கிடையாது.

'அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான்'

மறுபடி ஜெர்மனி. குட்டன்பெர்க் விவகாரம் நடந்தபோது அந்நாட்டின் கல்வி, ஆராய்ச்சித் துறை அமைச்சராக இருந்தவர் அனெட்ட ஷாவான். நானும் முனைவர் பட்டம் வாங்கியவள், மாணவர்களுக்கு வழிகாட்டியவள், அதனால் வெட்கப்படுகிறேன். ரகசியமாக மட்டும் அல்ல என்ற பொருளில் அவர் பேட்டி கொடுத்தார். ஒரே அமைச்சரவையில் இருந்துகொண்டு அப்படிச் சொன்னது பெரிய விஷயம்.

அடுத்த வருஷம், 2012 மே மாதம், பெயர் சொல்லாத ஒருவர் ஷாவானின் ஆய்வேட்டையே இணையத்தில் அலசி வெளியிட்டார். மனசாட்சி பற்றிய ஆய்வு அது. டுஸ்ஸல்டார்ஃப் பல்கலைக்கழகத்தில் 1980-ல் முடித்தது. இங்கே குட்டன்பெர்க் மாதிரிப் பக்கம் பக்கமான காப்பி இல்லை. பெரும்பாலும் நான் சொன்ன இரண்டாவது, நான்காவது, ஏழாவது வகைகள். மற்றவர்கள் எழுதிய விளக்கங்களைச் சொல் மாற்றி எழுதுவது, மூல அறிஞர்களை நேராகப் படித்த மாதிரி காட்டுவது.

அவரை ஆதரித்தவர்கள் சொன்ன வாதம் நமக்கும் பழக்கமானது. அந்தத் துறையில் அந்தக் காலத்தில் மேற்கோள் காட்டும் முறை அப்படித்தான் இருந்தது, முப்பது வருஷம் கழித்து இன்றைய அளவுகோலை வைக்கலாமா? பல்கலைக்கழகம் இதை ஏற்கவில்லை. அடுத்தவர் யோசித்ததைத் தான் யோசித்ததாகக் காட்டுவது 1980-லும் தவறுதான் என்பது அதன் நிலை. 2013 பிப்ரவரி 5 அன்று பட்டம் பறிக்கப்பட்டது. நான்கு நாளில் அவர் பதவி விலகினார். நீதிமன்றத்துக்குப் போனார், 2014-ல் அங்கேயும் தோற்றார். அவர் இடையில் வேறு பட்டம் வாங்காமல் நேராக முனைவர் பட்டத்துக்குப் போனவர். அது போனதும், பல்கலைக்கழகப் பட்டம் என்று அவரிடம் எதுவும் மிஞ்சவில்லை.

எனக்கு இந்த ரெண்டு வழக்கில் ஷாவான் வழக்குதான் பயம் தருது. குட்டன்பெர்க் செஞ்சதை நாம செய்ய மாட்டோம்னு சொல்லிடலாம். ஷாவான் செஞ்சது நம்ம அசைன்மென்ட்ல தினமும் நடக்குது.

'வழி' சொல்லும் பழக்கம்

இதெல்லாம் ஐரோப்பாவில் இருந்து வந்த விதி, நம்ம மரபுல முன்னோர் சொன்னதைத் திரும்பச் சொல்றதுதானே வழக்கம் என்று ஒரு கேள்வி வரும். பாதி உண்மை. நம் மரபில் முன்னோர் நூலில் இருந்து எடுப்பது தப்பே இல்லை. ஆனால் அதற்கும் ஒழுங்கு இருந்தது.

தொல்காப்பியம் நூல்களை முதல்நூல், வழிநூல் என்று பிரிக்கிறது. இன்னொரு நூலின் வழியில் வருவது வழிநூல். அதை நான்கு விதமாகச் செய்யலாம் என்கிறது: விரிவாக இருப்பதைச் சுருக்கலாம், சுருக்கமாக இருப்பதை விரிக்கலாம், ரெண்டையும் கலந்து செய்யலாம், மொழிபெயர்க்கலாம். கொஞ்சம் முன்னாடி நான் சொன்ன திருட்டு வகைகளோட இதை வெச்சுப் பாருங்க. செய்யுற வேலை கிட்டத்தட்ட அதேதான்! சுருக்குறது, மாத்தி எழுதுறது, மொழிபெயர்க்கிறது. ஆனா இங்கே அது திருட்டு இல்ல. ஏன்?

பதில் பாயிரத்தில் இருக்கு. ஒரு நூலின் சிறப்புப் பாயிரம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று நன்னூல் ஒரு பட்டியல் கொடுக்கிறது. அதில் ஆக்கியோன் பெயர் ஒன்று. 'வழி' ஒன்று. அதாவது, இந்த நூல் எதன் வழியாக வந்தது என்பது. எழுதியவர் பெயரைச் சொல்கிற அதே இடத்தில், எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் அது வழிநூல், மரியாதையான வேலை. சொல்லாமல் விட்டால்தான் சிக்கல்.

அன்றைய வழிநூலும் இன்றைய தீசிஸும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. தீசிஸில் புதிதாக ஏதாவது கண்டுபிடித்தாக வேண்டும். வழிநூலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் 'வழியைச் சொல்' என்ற எதிர்பார்ப்பு நமக்கு அந்நியமானது இல்லை.

பத்து சதவீதம்

இப்போ இந்தியா. 2002-ல் இங்கேயும் ஒரு பெரிய வழக்கு நடந்தது. குமாவுன் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த இயற்பியலாளர், ஸ்டான்ஃபோர்டு இயற்பியலாளர் ரெனாட்டா காலோஷின் ஆய்வுக் கட்டுரையில் இருந்து எடுத்ததாகக் குற்றச்சாட்டு. நோபல் பரிசு பெற்றவர்கள் உட்பட ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர்கள் சிலர், அப்போதைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாமுக்கே கடிதம் எழுதினார்கள். விசாரணை நடந்தது. 2003-ல் துணைவேந்தர் பதவி விலகினார். ஒரு பல்கலைக்கழகத்தின் உச்சியில் இருப்பவரைக் கேள்வி கேட்க, கடல் தாண்டி நோபல் பரிசுக்காரர்கள் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

நாடு முழுமைக்குமான விதிமுறை 2018-ல் வந்தது. யூஜிசி வெளியிட்டது. ஆய்வேட்டில் ஒற்றுமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஒரு வருஷத்துக்குத் திருத்திய ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. விதி வந்தது நல்ல விஷயம். அதுக்கு முன்னாடி ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒவ்வொரு மாதிரி. கைடு கண்ணை மூடிக்கிட்டா கதை முடிஞ்சது.

ஆனா அந்த விதிமுறையிலேயே இன்னொரு வரி இருக்கு. சுருக்கம், கருதுகோள், அவதானிப்பு, முடிவு, பரிந்துரை போன்ற பகுதிகள் சொந்தச் சிந்தனையாக இருக்க வேண்டும், அங்கே ஒற்றுமையே கூடாது என்கிறது அது. அந்த வரியை யாராவது ஹாஸ்டல்ல பேசிக் கேட்டிருக்கீங்களா? எல்லாரும் பேசுறது ஒண்ணே ஒண்ணுதான்: 'மச்சி, உனக்கு எத்தனை பர்சென்ட் வந்துச்சு?'

மென்பொருள் என்ன செய்யுது? உங்க சொற்களின் வரிசையை, தன்கிட்ட இருக்கிற கோடிக்கணக்கான பக்கங்களோட ஒப்பிடுது. எங்கே ஒத்துப்போகுதோ அங்கே நிறம் பூசுது. அவ்வளவுதான். அதனால முதல் வகைத் திருட்டை நல்லாப் பிடிக்கும். வேஷம் போட்டால் பாதி தப்பிக்கும். மொழி மாறினால் இன்னும் அதிகமாகத் தப்பிக்கும். சிப்பாயைப் பலி கொடுத்ததா இல்லையா என்பது அதற்குப் புரியாது. பிளான் திருட்டும், படிக்காத புத்தகமும் அதன் கண்ணிலேயே படாது. காசு கொடுத்து எழுதி வாங்கிய தீசிஸுக்கு அது போடும் மார்க் பூஜ்யமா இருக்கலாம். ரொம்ப நேர்மையான தீசிஸ் மாதிரி!

நேர்மாறாகவும் நடக்கும். சட்டம், மருத்துவம் மாதிரித் துறைகளில் நிலையான சொற்றொடர்கள் திரும்பத் திரும்ப வரும். ஒழுங்காக எழுதினவருக்கே எண் ஏறும். எண்ணைப் பார்த்து, எதனால் வந்தது என்று பக்கத்தைத் திருப்பிப் பார்க்க ஒரு மனிதர் வேண்டும்.

இப்போ, 32 சதவீதம் வந்த ஒரு மாணவர் என்ன செய்கிறார்? நிறம் பூசிய வரிகளை மட்டும் எடுத்து, சொல்லை மாற்றுகிறார். இதற்கென்றே செயலிகள் இருக்கு, காசு வாங்கிக்கிட்டுக் 'குறைச்சுத் தரேன்'னு சொல்ற ஆட்களும் உண்டு. ரெண்டு நாளில் 9 சதவீதம். எல்லாருக்கும் நிம்மதி. ஆனா நடந்தது என்ன? முதல் வகைத் திருட்டு, இரண்டாவது வகையா மாறியிருக்கு. முன்னாடி அது வெளியே தெரிஞ்சது. இப்போ மறைச்சு வெச்சிருக்கு. திருட்டு துளிகூடக் குறையல. பார்க்கப்போனால், முன்பு அது கவனக்குறைவு என்று சொல்ல முடிந்தது. இப்போது அது வேண்டுமென்றே செய்தது. ஒரு அடிக்குறிப்பும் மேற்கோள் குறியும் போட்டிருந்தால் அதே வரிகள் நேர்மையானவையாக ஆகியிருக்கும்.

ஏஐ வந்த பிறகு இந்தச் சொல் மாற்றும் வேலை இன்னும் சுலபம். ஆனால் கேள்வி மாறவில்லை. இந்தக் கருத்து எங்கிருந்து வந்தது, அதைப் படிப்பவரிடம் சொன்னேனா?

யாருக்கு நஷ்டம்?

குட்டன்பெர்க் மாட்டியபோது சான்சலர் ஆங்கேலா மெர்க்கெல் அவரைக் காப்பாற்றப் பார்த்தார். நான் அவரை ஆராய்ச்சி உதவியாளராக நியமிக்கவில்லை, பாதுகாப்பு அமைச்சராகத்தான் நியமித்தேன் என்ற பொருளில் பேசினார். கருத்துக்கணிப்புகளிலும் பெரும்பாலான மக்கள் அவர் பதவியில் தொடரட்டும் என்றே சொன்னார்கள். ஏதோ மேற்கோள் குறி விட்டுப்போச்சு, அதுக்குப் போய் இவ்வளவா என்பதுதான் பொது மனநிலை.

அந்த நேரத்தில் முனைவர் பட்ட மாணவர்கள் சேர்ந்து மெர்க்கெலுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள். இருபதாயிரத்துக்கும் அதிகமானவர்கள் கையெழுத்திட்டார்கள். அவர்கள் சொன்னதன் சாரம்: நேர்மையாக ஆராய்ச்சிக்குத் தன் பங்கைச் செய்ய முயல்கிற ஒவ்வொரு உதவியாளரையும் மாணவரையும் இது கேலி செய்வது. மடலைக் கொண்டுபோய் சான்சலர் அலுவலகத்தில் கொடுத்த மறுநாள்தான் அமைச்சர் ராஜினாமா செய்தார்.

எனக்கு இந்தக் கதையில ரொம்ப முக்கியமான ஆட்கள் அவங்கதான். ஏன்னா, எழுத்துத் திருட்டுல நஷ்டப்படுறது யாருன்னு அவங்களுக்குத்தான் தெரிஞ்சிருந்தது. பெரிய பேராசிரியர் வரியைத் திருடினால் அவருக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. குட்டன்பெர்க் எடுத்த மூலங்களில் நாடாளுமன்ற ஆய்வுப் பிரிவு ஊழியர்கள் தயாரித்த அறிக்கைகளும் இருந்தன. அந்த ஊழியர்களின் பெயரை யார் கேட்டிருப்பார்கள்? நம்ம ஊர்லயும் பாருங்க, ஜூனியர் எடுத்த டேட்டா சீனியர் பெயர்ல வரும். மாவட்டக் கல்லூரியில் ஒருவர் எம்ஃபில் ஆய்வில் கண்டுபிடித்தது, பெரிய நகரத்துக் கருத்தரங்கில் வேறொருவர் வாயில் வரும். பெயர் மட்டுமே சொத்தாக இருப்பவர்களிடமிருந்து அந்தப் பெயரை எடுத்துவிடுவதுதான் இது. மார்ஷியல் ஆள்கடத்தல் என்று சொன்னது அதனால் எனக்கு மிகையாகத் தெரியவில்லை.

இன்னொரு நஷ்டம், அடுத்துப் படிக்க வருகிறவருக்கு. அந்தக் கற்பனை ஆய்வாளர் சொன்னது தப்பா இருந்தா? அவர் பெயரும் பக்க எண்ணும் இருந்தா, நாளைக்கு ஒருத்தர் போய்ச் சரிபார்ப்பார், திருத்துவார். பெயரை அழிச்சுட்டா அந்தத் தப்பு யாருடையதுன்னே தெரியாம ஊர் முழுக்கச் சுத்தும்.

அதனால, இப்போ தீசிஸோ அசைன்மென்ட்டோ எழுதிக்கிட்டிருக்கிறவங்களுக்குச் சின்னதா மூணு விஷயம். குறிப்பு எடுக்கும்போதே, அடுத்தவர் வரியை மேற்கோள் குறிக்குள்ள பக்க எண்ணோட எழுதிக்கோங்க. ஆறு மாசம் கழிச்சு எது யாருடையதுன்னு ஞாபகம் இருக்காது. மூலத்தைப் பார்க்கலைன்னா, பார்க்கலைன்னே எழுதுங்க. 'இன்னார் நூலில் மேற்கோள் காட்டப்பட்டது' என்று போடுவதில் அவமானம் எதுவும் இல்லை. ரிப்போர்ட் வந்ததும் எண்ணைப் பார்க்காம, நிறம் பூசின ஒவ்வொரு வரியையும் பார்த்து, 'இது யாருடையது, சொல்லியிருக்கேனா?'னு கேளுங்க. பூசாத வரிகளையும்தான்.

குட்டன்பெர்க் பின்னாளில் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில், முற்றிலும் வேறு தலைப்பில், இன்னொரு முனைவர் பட்டம் வாங்கினார். இந்தத் தடவை அடிக்குறிப்புகளை எவ்வளவு கவனமாப் போட்டிருப்பார்னு நினைக்கிறீங்க?

அடுத்த எபிசோடில் சந்திக்கலாம்.